வீலி பழக்கம்: முதலில் சக்கரத்தைக் கீழே இறக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வீலி, அதாவது பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் மட்டும் ஓட்டுவது, பழக வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை ஆர்பிஎம்மில் கிளட்சை விடணும்?" என்பதுதான். (ஆர்பிஎம் என்பது எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகள்.) பதில் கீழே வருகிறது. ஆனால் முன்சக்கரத்தைத் தூக்குவது இந்த வித்தையில் சுலபமான பாதி, ஓரிரு நாளில் வந்துவிடும். எந்த உயரத்தில் இருந்தாலும், நினைத்த நொடியில், வலது பாதத்தால் வண்டியைக் கீழே இறக்கத் தெரிவதற்குத்தான் மாதங்கள் ஆகும். பின்பக்கமாகக் கவிழ்ந்தவர்களின் கதை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்: கால் பின் பிரேக் மேல் இல்லை, அல்லது இருந்தும் அந்த நேரத்தில் அழுத்தத் தோன்றவில்லை. அதனால் இங்கே பயிற்சி பிரேக்கில் தொடங்கி, அதற்குப் பிறகுதான் தூக்குவதற்குப் போகிறது.

பொதுச் சாலை இதற்கான இடம் கிடையாது. பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். முன்சக்கரம் மேலே இருக்கும்போது உங்களால் வண்டியைத் திருப்பவும் முடியாது, முன் பிரேக்கும் கிடையாது, எதிரே என்ன வருகிறது என்பது பாதி மறைந்துவிடும். உரிமையாளர் அனுமதி கொடுத்த மூடிய இடம் வேண்டும்: பயன்படாத ஓடுபாதை, காலியான பெரிய பார்க்கிங், பந்தயத் தளம். நேர்க்கோட்டில் குறைந்தது 200 மீட்டர், இருபுறமும் விழுந்து சறுக்க இடம், மணலும் சரளையும் இல்லாத தரை. லேசான ஏற்றமாக இருந்தால் இன்னும் நல்லது. வேகம் கூடாமல் சக்கரம் எழும்பும். இறக்கத்தில் பழகவே வேண்டாம். தனியாகவும் போகாதீர்கள். கூட ஒருவர், கையில் போன், பக்கத்தில் முதலுதவிப் பெட்டி.

சக்கரம் ஏன் எழும்புகிறது, ஏன் இறங்குகிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம், பின்னால் வரும் எல்லாமே இதில்தான் நிற்கிறது.

பின் டயர் வண்டியை முன்னே தள்ளும் விசை தரை மட்டத்தில் வேலை செய்கிறது. வண்டி, ஓட்டுபவர் இரண்டும் சேர்ந்த எடையின் மையமோ தரையில் இருந்து அரை மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அதனால் வேகம் எடுக்கும்போதெல்லாம் வண்டியின் மூக்கு மேலே போகப் பார்க்கும். எடை அதைக் கீழே அழுத்தும். தள்ளும் விசை ஜெயித்தால் சக்கரம் எழும்பும். பின் பிரேக் பிடித்தால் அதே விசை திசை மாறிப் பின்னோக்கி இழுக்கும், மூக்கு இறங்கும். பின் பிரேக் வீலியைக் கொல்லும் என்பதன் முழு விளக்கமும் இதுதான்.

சக்கரம் உயர உயர எடை மையம் பின் டயருக்கு நேர்மேலே நகர்ந்து வரும். சரியாக நேர்மேலே வந்துவிட்ட நிலைதான் பேலன்ஸ் பாயிண்ட். உள்ளங்கையில் குச்சியை நிமிர்த்தி நிறுத்துவது போன்ற நிலை அது. சாதாரண ரோடு பைக்கில் வண்டி 45 டிகிரிக்கும் மேல் சாய்ந்த பிறகே அது வரும். நினைப்பதைவிட மிக உயரம்.

இதில் இருந்து இரண்டு விஷயங்கள் புரியும். பேலன்ஸ் பாயிண்டுக்குக் கீழே இருக்கும்வரை சக்கரத்தை மேலே வைத்திருக்க வேகம் கூடிக்கொண்டே போக வேண்டும். தாழ்வான வீலிதான் வேகமான வீலி. புதியவர்கள் முழங்கால் உயரத்தில் தூக்கிவிட்டு, அதைத் தக்கவைக்க முறுக்கி முறுக்கி, எஞ்சின் சுற்றக்கூடிய உச்ச வரம்பான ரெவ் லிமிட்டரில் போய் முட்டுவார்கள். எஞ்சின் வெட்டும், சக்கரம் தொப்பென்று விழும். இரண்டாவது, பேலன்ஸ் பாயிண்டைத் தாண்டிவிட்டால் புவியீர்ப்பு உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். அங்கே கிளட்சை அழுத்தினால் வண்டி முன்னால் வராது. த்ராட்டிலை (வலது கைப்பிடி முறுக்கை) மூடினால் எஞ்சின் இழுவை கொஞ்சம் உதவும், ஆனால் அதை நம்பியிருக்க முடியாது. காப்பாற்றுவது பின் பிரேக் மட்டும்.

1991இல் ஜப்பானைச் சேர்ந்த யசுயுகி குடோ 331 கிலோமீட்டர் நிற்காமல் வீலி ஓட்டினார். அவர் ஓட்டியது ஹோண்டா டிஎல்எம்220ஆர் என்ற சின்ன ட்ரையல்ஸ் (தடைகளைத் தாண்டும் போட்டிக்கான) வண்டி. பேலன்ஸ் பாயிண்டில் நிற்கத் தெரிந்தவருக்குக் குதிரைத்திறன் தேவைப்படுவதில்லை.

வண்டி

பழகுவதற்கு 200 முதல் 400 சிசி வரையிலான, நிமிர்ந்து உட்காரும் ஹேண்டில்பார் உள்ள சிங்கிள் சிலிண்டர் வண்டி போதும். 125 சிசியிலும் முடியும், கிளட்சுக்குத்தான் வேலை கூடும். ஹோண்டா சிபிஆர்600எஃப்4ஐ, கவாசாகி இசட்எக்ஸ்-6ஆர் போன்ற 600 சிசி வண்டிகள் ஸ்டண்ட் ஓட்டுபவர்களிடம் பிரபலம். அவை இரண்டாவது வண்டிக்கு. 1000 சிசி வண்டியில் முதல் கியரில் கொஞ்சம் முறுக்கினாலே மூக்கு எழும்பிவிடும். கற்பதற்கு அதைவிட மோசமான குணம் வேறில்லை, உங்கள் தப்பைத் திருத்த நேரமே தராது.

வண்டியைத் தயார் செய்யும்போது முதலில் கை வைக்க வேண்டியது பின் பிரேக் பெடல். உட்கார்ந்து, பாதத்தை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்தால், பாதத்தைத் தூக்காமலேயே பெருவிரலின் அடிப்பகுதி பெடலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொழிற்சாலையில் இருந்து வரும் உயரம் பலருக்கு அதிகம். பெடலின் கம்பியில் உள்ள நட்டைத் தளர்த்தி இறக்கிக்கொள்ளலாம். இறக்கிய பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, பிரேக் உரசவில்லை என்று உறுதிசெய்யுங்கள். பேட் பாதிக்கு மேல் இருக்கட்டும். பிரேக் ஆயில் பழசாக இருந்தால் மாற்றிவிடுங்கள். தொடர் பயிற்சியில் பின் காலிப்பர் நன்றாகச் சூடேறும், ஈரம் சேர்ந்த ஆயில் கொதித்தால் பெடல் அப்படியே உள்ளே போய்விடும். அது எப்போது நடக்கக் கூடாதோ அப்போதுதான் நடக்கும்.

சில வண்டிகளில் பின் பெடலை அழுத்தினால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அப்படிப்பட்ட வண்டி இதற்கு உதவாது. காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும் முன்சக்கரம் நின்றுவிடும், நின்ற சக்கரத்தோடு தரையைத் தொட்டால் ஹேண்டில் குலுங்கும்.

ட்ராக்‌ஷன் கன்ட்ரோலும் வீலி கன்ட்ரோலும் இருந்தால் அணைத்துவிட வேண்டும். முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரம் வேகமாகச் சுற்றுவதை அது வழுக்கலாக எடுத்துக்கொண்டு நடுவானில் பவரை வெட்டும். ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் நீண்ட வீலிக்குப் பிறகு எச்சரிக்கை விளக்கு எரிவது சகஜம். விளக்கு எரியும்வரை ஏபிஎஸ் வேலை செய்யாமல் இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். பெரும்பாலும் எஞ்சினை அணைத்துப் போட்டு, சிறிது தூரம் ஓட்டினால் போய்விடும்.

பின் டயர் காற்றை 22 முதல் 25 பிஎஸ்ஐ வரை இறக்கினால் தரையோடு அதிகம் படிந்து, பக்கவாட்டு ஆட்டம் குறையும். முன் டயரில் குறைக்க வேண்டாம். தொப்பென்று இறங்கும்போது ரிம் அடிபடும். செயின் தளர்வு வண்டிக் கையேட்டில் சொன்ன அளவில் இருக்கட்டும். தளர்ந்த செயின், த்ராட்டிலுக்கும் பிரேக்குக்கும் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு வெட்டு வெட்டும், அந்த வெட்டில் நிதானம் போகும். த்ராட்டில் கேபிளின் ஃப்ரீ பிளே (கேபிள் இழுக்க ஆரம்பிக்கும் முன் இருக்கும் தளர்வு) 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். எஞ்சின் ஆயில் மேல் கோட்டில் இருக்க வேண்டும், ஏனென்றால் மூக்கு தூக்கியிருக்கும்போது ஆயில் பின்னால் ஓடி, பம்ப் உறிஞ்சும் இடம் காலியாக வாய்ப்பு உண்டு. ஓரிரு நொடிக்கு ஒன்றும் ஆகாது, நீண்ட வீலியில் ஆகும்.

வண்டியில் பவர் போதவில்லை என்று தோன்றினால் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது மலிவான வழி. 14 பல்லை 13 ஆக்குவது பின் ஸ்ப்ராக்கெட்டில் ஏறக்குறைய 3 பல் கூட்டுவதற்குச் சமம். கிராஷ் கார்டு கட்டாயம். மணிக்கட்டில் கட்டும் கயிறுள்ள கில் ஸ்விட்ச் கிடைத்தால் வாங்கிப் பொருத்துங்கள். நீங்கள் வண்டியை விட்டதும் எஞ்சின் அணைந்துவிடும். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அதற்குச் செலவழிக்கலாம்.

உடலுக்கு: முழு முகம் மூடும் ஹெல்மெட், முதுகுக் காப்பு, முழங்கை முழங்கால் காப்பு, கையுறை, கணுக்காலை மூடும் பூட். இடுப்புக்கும் வால் எலும்புக்கும் பேட் வைத்த உள்ளாடை கிடைக்கும். பின்பக்கமாக விழுபவர்களுக்கு முதலில் அடிபடும் இடம் அதுதான்.

முதல் பாடம்: சக்கரம் தரையிலேயே இருக்கட்டும்

முதல் கியரில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். த்ராட்டிலை ஒரே நிலையில் பிடித்துக்கொண்டு, அதைக் குறைக்காமல், பின் பிரேக்கை மெல்ல அழுத்துங்கள். எஞ்சின் திணறும், வண்டி அமுங்கும். பிரேக்கை விடுங்கள், வண்டி மறுபடி நகரும். வலது கை திறந்திருக்கும்போதே வலது கால் பிடிப்பது என்பது சாதாரண ஓட்டத்தில் நாம் செய்யாத காரியம். உடலுக்கு அது இயல்பாக வேண்டும். பெடல் எங்கே கடிக்க ஆரம்பிக்கிறது, எங்கே சக்கரம் லாக் ஆகிறது என்பது பாதத்துக்கு மனப்பாடம் ஆகும்வரை, ஐம்பது முறையாவது செய்யுங்கள். சலிப்பான வேலைதான். இதைத் தாவிப் போனவர்களை மூன்றாவது பாடத்தில் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாவது பாடம்: கிளட்ச்

தூக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. த்ராட்டிலை மூடி முன் ஃபோர்க்கை (முன் சஸ்பென்ஷனை) அமுக்கிவிட்டு, அது எழும்பும் நேரத்தில் சட்டென்று முறுக்குவது பவர் வீலி. இதற்கு வலுவான எஞ்சினும் அதிக வேகமும் வேண்டும், விழுந்தால் அந்த வேகத்திலேயே விழ வேண்டும். கிளட்ச் வீலி மெதுவான வேகத்தில் நடக்கும். எவ்வளவு தூக்குவது என்பது விரலில் இருக்கும். கிளட்சில் தொடங்குங்கள்.

உட்கார்ந்தே பழகுங்கள். பெட்ரோல் டேங்கில் இருந்து ஒரு சாண் பின்னால், நடுவில். முழங்கால்கள் டேங்கை லேசாகப் பிடித்திருக்கட்டும். கைகள் கொஞ்சம் மடிந்து, தளர்வாக. இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் கிளட்ச் லிவரில். வலது கையின் எந்த விரலும் முன் பிரேக்கில் இருக்கக் கூடாது. வலது மணிக்கட்டு தாழ்ந்தே இருக்கட்டும். கைப்பிடியை நேராகப் பிடிக்காமல், ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பதுபோல் சற்றுக் குறுக்காகப் பிடித்தால் பின்னால் சாயும்போது தானாக முறுக்கிவிடும் ஆபத்து குறையும். வலது பாதம் பெடல் மேல்.

முதல் கியர், மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர். வண்டி சீராக உருளட்டும். லிவரை முழுசாகப் பிடிக்காமல், கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். அதே நொடியில் த்ராட்டிலைத் திறந்து ஆர்பிஎம்மை ஏற்றி, லிவரை வேகமாக விடுங்கள், விரல்கள் லிவரை விட்டு விலகாமல். 300, 400 சிசி சிங்கிள் வண்டிகளில் 4,000த்தில் தொடங்கி 500 500ஆகக் கூட்டிப் பாருங்கள். பல வண்டிகள் 5,000க்கும் 6,000க்கும் நடுவில் பதில் சொல்லும். இந்த எண்ணைச் சட்டமாக வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் எஞ்சினின் டார்க் (சுழற்றும் விசை) எங்கே கூடுகிறதோ அதற்குச் சற்றுக் கீழே விடுவதுதான் கணக்கு. கிளட்சை விட்ட பிறகும் த்ராட்டிலை மூடாதீர்கள். விட்டதுமே மூடிவிடுவதுதான் "என் வண்டி தூக்கவே மாட்டேங்குது" என்பதற்கு வழக்கமான காரணம்.

முதலில் சக்கரம் ஒரு சாண் எழும்பினாலே போதும். எழும்பியதும் பின் பிரேக்கைத் தட்டுங்கள். த்ராட்டிலை மூடி இறக்காதீர்கள், பிரேக்கால் இறக்குங்கள். முதல் நூறு தடவையும் இப்படித்தான் முடிய வேண்டும், பிரேக் தேவையே இல்லாத உயரமாக இருந்தாலும். பயந்த நொடியில் மூளை யோசிக்காது. கால் பழகியதைத்தான் செய்யும்.

ஹேண்டிலை இழுத்துத் தூக்க முயல்பவர்கள் நிறைய. இழுத்தால் இரண்டு கையும் ஒரே பலத்தில் இழுப்பதில்லை, வண்டி கோணலாக எழும்பும். தூக்குவது எஞ்சினின் வேலை, நீங்கள் கூடப் போனால் போதும்.

மூன்றாவது பாடம்: உயரம் ஏற்றுவது

ஒரு சாண் உயரம் பத்துக்கு ஒன்பது முறை நேராக வந்து, பத்துக்குப் பத்து முறை பிரேக்கால் இறங்கினால் அடுத்த படி. கிளட்ச் விடும் ஆர்பிஎம்மில் 300, 400 கூட்டுங்கள். இப்போது எழும்பிய பிறகு த்ராட்டிலை மூடாமலும் மேலும் திறக்காமலும் ஒரு நொடி வைத்திருந்து, பிறகு பிரேக்.

பக்கவாட்டில் நின்று ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சீட்டில் இருப்பவருக்கு வண்டி செங்குத்தாக நிற்பதுபோல் இருந்த வீலி, வீடியோவில் முழங்கால் உயரம்தான் இருக்கும். எல்லோருக்கும் இப்படித்தான். இதைப் பார்த்த பிறகு பயமும் கொஞ்சம் தெளியும், அளவும் புரியும். அதேசமயம் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரே தாவலில் மார்பு உயரத்துக்குப் போகிற ஆசையும் வரும். 300, 400 ஆர்பிஎம், அதற்கு மேல் ஒரு நாளில் கூட்ட வேண்டாம்.

பார்வை தூரத்தில் இருக்கட்டும். மீட்டரைப் பார்த்தால் உயரமும் தெரியாது, நேர்க்கோடும் போகும். முன்பக்கம் மறைந்த பிறகு ஹேண்டிலின் ஒரு பக்கமாகத் தூரத்துத் தரையைப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் சரிந்தால் எதிர்ப்பக்க முழங்காலை வெளியே விரித்தும் ஃபுட்ரெஸ்ட்டை அழுத்தியும் திருத்தலாம். ஹேண்டிலைத் திருப்பிப் பயனில்லை.

பேலன்ஸ் பாயிண்ட்

அருகில் வந்துவிட்டதை உடலே சொல்லும். வண்டி கனம் இழந்ததுபோல் இருக்கும், வேகம் கூடுவது நின்றுவிடும், எஞ்சின் சத்தம் ஏறாமல் ஒரே சுருதியில் நிற்கும். இதற்குப் பிறகு த்ராட்டிலும் பிரேக்கும் மாறி மாறிப் பேச வேண்டும். சக்கரம் தாழ்ந்தால் ஒரு சிட்டிகை கேஸ் (த்ராட்டில்), உயர்ந்தால் ஒரு தட்டு பிரேக். இரண்டுமே மிகச் சிறியதாக. பெரிதாகத் திருத்தினால் அதை மறுபடி திருத்த வேண்டிவரும், நான்காவது திருத்தத்தில் சக்கரம் தரையில் இருக்கும்.

இங்கே ஒரு பயிற்சி நன்றாக வேலை செய்யும்: வேண்டுமென்றே கொஞ்சம் அதிகம் தூக்கி, உடனே பிரேக்கால் பாதி உயரத்துக்கு மட்டும் இறக்கி, அங்கிருந்து கேஸால் மறுபடி ஏற்றுவது. முழுசாக இறக்காமல் பாதியில் நிறுத்த வந்துவிட்டால் தூரம் தானாக வரும். ஐட்லிங் திருகு உள்ள வண்டிகளில் ஐட்லிங்கை 1,800, 2,000 வரை ஏற்றி வைத்தால் த்ராட்டிலை முழுசாக மூடினாலும் எஞ்சின் வெட்டாமல் மென்மையாக இருக்கும்.

முதல் கியரில் இது நிலைத்த பிறகே இரண்டாவது கியர். அங்கே த்ராட்டில் மென்மையாக இருக்கும், ஆனால் வேகம் கூடுதல்.

இறங்குதல்

பிரேக்கால் மெல்ல இறக்கி, சக்கரம் தரையைத் தொடும் கணத்தில் பிரேக்கை விட்டுத் துளி கேஸ் கொடுத்தால் பஞ்சு மாதிரி இறங்கும். ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். கோணலாகத் தொட்டால் ஹேண்டில் இரண்டு பக்கமும் படபடவென்று அடிக்கும். அப்போது இறுக்கிப் பிடிக்காதீர்கள், முன் பிரேக்கும் வேண்டாம். கைகளைத் தளர்த்தி, முழங்காலால் டேங்கைப் பிடித்து, மெதுவாக வேகம் குறையவிடுங்கள்.

என்ன தப்பாகப் போகும்

எப்போதும் ஒரே பக்கமாகக் கோணி எழும்புகிறது என்றால் முதலில் உட்காரும் இடத்தைப் பாருங்கள். வலது காலை பெடல் மேல் வைக்கும் பழக்கத்தில் இடுப்பு வலப்பக்கம் நகர்ந்திருக்கும். அது சரி என்றால் பின்சக்கரம் நேராக இருக்கிறதா என்று பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளில் பாருங்கள். செயின் இறுக்கும்போது ஒரு பக்கம் அதிகம் திருகப்பட்டிருக்கலாம்.

கிளட்ச் விட்டதும் பின் டயர் வழுக்கிச் சுற்றினால் தரையில் தூசு இருக்கிறது, அல்லது டயர் இன்னும் சூடாகவில்லை, அல்லது முன்பக்கம் அதிகம் குனிந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். எஞ்சின் சத்தம் ஏறியும் வண்டி நகரவில்லை, எரிந்த வாசனை வருகிறது என்றால் கிளட்ச் தட்டுகள் சூடாகிவிட்டன. பத்து நிமிடம் ஓட்டினால் பத்து நிமிடம் நிறுத்துங்கள். கைக்கும் அது தேவை, முன்கை மரத்துப்போன பிறகு த்ராட்டில் அளவு தெரியாது. காற்றில் குளிரும் எஞ்சின்களை இன்னும் அதிகம் ஆறவிட வேண்டும். மெதுவாகப் போய் அதிகம் சுற்றும் வேலை இது, காற்று போதாது.

பேலன்ஸைத் தாண்டிவிட்டது, பிரேக்கும் தவறிவிட்டது என்றால் வண்டியைக் காப்பாற்ற முயலாதீர்கள். இரண்டு காலையும் கீழே இறக்கி, கைப்பிடியை விட்டு, பின்னால் இறங்கி ஓடுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் இது சாத்தியம், 60இல் சாத்தியமில்லை. மெதுவான கிளட்ச் வீலியில் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். கைப்பிடியை விடாமல் தொங்கினால் உடல் எடையே த்ராட்டிலை முழுசாகத் திறந்துவிடும்.

ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும்

பின் டயருக்குக் கையேட்டில் உள்ள அளவுக்குக் காற்றடித்து, அணைத்த ட்ராக்‌ஷன் கன்ட்ரோலை மறுபடி போட்டு, பின் பிரேக் பெடல் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டி சாலைக்குப் போகட்டும். ஆயிலைக் கம்பெனி சொன்ன தூரத்தில் பாதியிலேயே மாற்றிவிடுங்கள், கிளட்ச் தூள் அதில்தான் கலக்கிறது. ஃபோர்க் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் சீல் போய்விட்டது. பின் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் அதிகம் ஆடுகிறதா? ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்கள் நைந்திருக்கும், விலை குறைவு, மாற்றுங்கள்.

கடைசியாகக் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங். முன்சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நடுவில் வரும்போது சின்னதாகக் கொக்கி போட்டு நிற்பதுபோல் தெரிந்தால், தொப்பென்று இறங்கி இறங்கி அதில் பள்ளம் விழுந்திருக்கிறது. இறுக்கிச் சரிசெய்ய முடியாது, முழு செட்டையும் மாற்றத்தான் வேண்டும்.